பசால்ட் குழம்பை மாணவர்கள் எண்ணிப் பார்க்கட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நம் கல்லூரிகளில் நிலவியல் பாடத்தில் ஒரே ஒரு பகுதியைப் பற்றி எழுத விரும்புகிறோம். பசால்ட் என்ற கரிய எரிமலைப் பாறையாக உறையும் கற்குழம்பு குளிரும்போது படிகங்கள் பிரியப் பிரிய, மிச்சமிருக்கும் குழம்பின் வேதியியல் எப்படி மாறுகிறது என்ற பகுதி அது. நிலவியலின் முதுகெலும்பு என்றே அதைச் சொல்லலாம். குரோமியத் தாதுவான குரோமைட்டும் டைட்டானியமும் பூமியில் ஏன் அடுக்கடுக்காகச் சேர்கின்றன, ஒரே எரிமலை ஏன் வேறு வேறு பாறைகளைக் கக்குகிறது என்ற கேள்விகளுக்கெல்லாம் அங்கிருந்துதான் விடை தொடங்குகிறது. ஆனால் பெரும்பாலான வகுப்புகளில் அது ஒரு படமாக மட்டுமே நடத்தப்படுகிறது. குழம்பு குளிரக் குளிர எந்தக் கனிமத்துக்குப் பின் எது பிரியும் என்று காட்டும், இரண்டு கைகள் சேர்ந்து கீழே இறங்கும் போவனின் வினைத் தொடரைக் கரும்பலகையில் வரைகிறார்கள்; மாணவர்கள் மனப்பாடம் செய்கிறார்கள்; தேர்வில் அப்படியே வரைந்து பத்து மதிப்பெண் வாங்குகிறார்கள். "முதலில் பிரியும் கனிமமான ஆலிவின் பிரிந்தபின் குழம்பில் சிலிக்கா எவ்வளவு கூடும்?" என்று கேட்டால் விடை வருவதில்லை.

படத்தின் மேல் எங்களுக்குக் குறையில்லை. நிலவியலாளர் நார்மன் போவன் 1915 முதல் 1928 வரை பெரும்பாலும் வாஷிங்டனில் சோதனை உலையை வைத்துச் செய்த வேலையின் சாரம் அது. ஆனால் அது எந்தக் கனிமத்துக்குப் பின் எது என்று மட்டும்தான் சொல்கிறது. எவ்வளவு என்று சொல்வதில்லை. இன்னொரு சிக்கலும் உண்டு. அந்தப் படத்தில் ஆலிவின், பைராக்சீன், ஹார்ன்பிளெண்ட், பயோடைட் என்று வரிசை நீள்கிறது. நீர் குறைந்த பசால்ட் குழம்பில் ஹார்ன்பிளெண்ட் தலைகாட்டுவதே இல்லை. மாணவரோ எல்லாக் குழம்பும் அந்த ஏணியில் கடைசிப் படிவரை இறங்கி கிரானைட்டாக முடியும் என்று நம்பிக்கொண்டு வெளியே போகிறார்.

இதற்கு மாற்றாக, மூன்று மணி நேரச் செய்முறை வகுப்புகள் இரண்டில் முடிக்கக்கூடிய ஒரு பயிற்சியை முன்வைக்கிறோம். பாசிமணிகளைக் கொண்டு குழம்பைச் செய்து, படிகங்களைக் கையால் பிரித்து, மிச்சத்தை எண்ணும் பயிற்சி. நிறமணிகளை அயனிகளாக வைத்துக் கற்பிப்பது வெளிநாட்டு வகுப்பறைகளில் பழகிய முறைதான். கீழே உள்ள எண்களைக் கையால் போட்டுச் சரிபார்த்திருக்கிறோம். ஆசிரியர்கள் அப்படியே எடுத்துக்கொள்ளலாம்.

ஹவாயின் கிலாவெயா எரிமலையில் கிடைக்கும் மெக்னீசியம் மிகுந்த குழம்பை ஒட்டிய கலவையை எடுத்துக்கொள்வோம். எடைச் சதவீதத்தில் சிலிக்கா 50.0, டைட்டானியம் ஆக்சைடு 2.2, அலுமினா (அலுமினியம் ஆக்சைடு) 12.5, இரும்பு ஆக்சைடு 11.3, மக்னீசியா (மெக்னீசியம் ஆக்சைடு) 11.0, சுண்ணாம்பு (கால்சியம் ஆக்சைடு) 10.4, சோடா (சோடியம் ஆக்சைடு) 2.1, பொட்டாஷ் (பொட்டாசியம் ஆக்சைடு) 0.5. இதை அயனிக் கணக்குக்கு மாற்றி 1000 மணிகளாக்கினால் சிலிக்கான் 463, மெக்னீசியம் 152, அலுமினியம் 136, கால்சியம் 103, இரும்பு 87, சோடியம் 38, டைட்டானியம் 15, பொட்டாசியம் 6. ஆக்சிஜனுக்கு மணி வேண்டாம். மற்ற அயனிகள் போகும் இடத்துக்கு அது தானே கூடப் போகும் என்று வைத்துக்கொண்டால் போதும்.

நிறத் தேர்வில் கவனம் தேவை. மெக்னீசியத்துக்குப் பச்சை, இரும்புக்குச் சிவப்பு என்றுதான் எல்லோருக்கும் முதலில் தோன்றும். ஆனால் பாடமே இந்த இரண்டின் விகிதத்தில்தான் நிற்கிறது. சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய முடியாத மாணவர் எந்த வகுப்பிலும் இருக்கலாம். அவரால் பயிற்சியைச் செய்யவே முடியாது. எனவே மெக்னீசியத்துக்கு நீலம், இரும்புக்குச் சிவப்பு, சிலிக்கானுக்கு வெள்ளை, அலுமினியத்துக்குச் சாம்பல், கால்சியத்துக்கு மஞ்சள், சோடியத்துக்கு நிறமற்ற கண்ணாடி, டைட்டானியத்துக்குக் கறுப்பு என்று வைக்கலாம். பொட்டாசியத்துக்கு மட்டும் அளவில் பெரிய மணி. பொட்டாசியம் உண்மையிலேயே பெரிய அயனி. இந்தக் கனிமங்களின் கட்டமைப்பில் அதற்கு இடமில்லை என்பது கையிலேயே தெரியும். ஆறே மணிகள் என்பதால் ஒன்று தொலைந்தாலும் கணக்கில் ஆறில் ஒரு பங்கு பிழை வந்துவிடும். பெரிதாக இருந்தால் தொலையாது.

மணிகளுக்குப் பதிலாகப் பருப்பு வகைகளைப் பயன்படுத்த வேண்டாம். ஒரு பருவத்துக்குள் வண்டு விழும். உடைந்த பருப்பை ஒன்றென்று எண்ணுவதா அரை என்று எண்ணுவதா என்று குழுவுக்குள் சண்டை வரும். மணிகளையும் ஒவ்வொன்றாக எண்ணி நேரத்தைத் தொலைக்கத் தேவையில்லை. 0.01 கிராம் காட்டும் தராசில் ஒவ்வொரு நிறத்திலும் 100 மணிகளை எடைபோட்டு, அந்த விகிதத்தில் நிறுத்துக்கொள்ளலாம். ஒரு நிறத்தின் எடையை மற்றொன்றுக்குப் பொருத்தக் கூடாது. ஒரே அளவு என்று விற்கும் மணிகளிலும் நிறத்துக்கு நிறம் எடை மாறும்.

நான்கு பேர் ஒரு குழு. அகலமான தட்டு ஒன்றுதான் குழம்பு. பிரியும் படிகங்களைப் போட உயரமான, ஒடுங்கிய கண்ணாடிக் குடுவை ஒன்று. குலுக்காமல், வரிசை மாறாமல் அதில் கொட்ட வேண்டும். கடைசியில் அந்தக் குடுவையையும் படிக்கப்போகிறோம்.

முதல் படியில் ஆலிவின் மட்டும். ஓர் ஆலிவினுக்கு ஒரு சிலிக்கானும், மெக்னீசியமோ இரும்போ ஏதாவது இரண்டும் வேண்டும். 20 ஆலிவின்கள் செய்ய 20 வெள்ளை மணிகளும் 40 நீல, சிவப்பு மணிகளும் தேவை. அந்த 40இல் எத்தனை நீலம், எத்தனை சிவப்பு என்பதை ஆசிரியர் சொல்லிவிடக் கூடாது. பயிற்சியின் உயிர் இங்கேதான் இருக்கிறது. ஆலிவினில் இரும்புக்கும் மெக்னீசியத்துக்கும் உள்ள விகிதம், குழம்பில் உள்ள அதே விகிதத்தைப்போல ஏறக்குறைய 0.3 மடங்கு. பீட்டர் ரோடரும் ரொனால்ட் எம்ஸ்லியும் 1970இல் சோதனை மூலம் நிறுவிய எண் இது. குழம்பில் 87 இரும்பு, 152 மெக்னீசியம், விகிதம் 0.57. அதை 0.3ஆல் பெருக்கினால் 0.17. ஆகவே 40இல் 34 நீலம், 6 சிவப்பு. (இரும்பில் ஒரு பகுதி கூடுதலாக ஆக்சிஜன் ஏறிய நிலையில் இருக்கும், இளநிலை வகுப்புக்கு அதை விட்டுவிடலாம்.) இந்த 60 மணிகளும் குடுவைக்குப் போனதும் தட்டில் 940 இருக்கும். விகிதத்தை மறுபடி கணக்கிட வேண்டும்: 81க்கு 118. இப்போது அடுத்த 20 ஆலிவின்களுக்கு 33 நீலம், 7 சிவப்பு. ஒரே ஒரு மணிதான் இடம் மாறியிருக்கிறது. அந்த ஒரு மணியைத்தான் நுண்ணோக்கியின் கீழ் ஆலிவினின் நடுவுக்கும் விளிம்புக்கும் உள்ள வேறுபாடாகப் பார்க்கிறோம் என்பதை அங்கேயே நின்று சொல்ல வேண்டும்.

தட்டில் இப்போது 880 மணிகள். இங்கே நிறுத்தி எடைச் சதவீதத்துக்கு மாற்றச் சொல்ல வேண்டும். ஒவ்வொரு எண்ணிக்கையையும் அதற்குரிய ஆக்சைடு எடையால் பெருக்கி, கூட்டுத்தொகையால் வகுக்க வேண்டும். பெருக்கும் எண்கள்: சிலிக்கான் 60.08, டைட்டானியம் 79.87, அலுமினியம் 50.98, இரும்பு 71.84, மெக்னீசியம் 40.30, கால்சியம் 56.08, சோடியம் 30.99, பொட்டாசியம் 47.10. அலுமினியம், சோடியம், பொட்டாசியம் மூன்றுக்கும் ஆக்சைடு எடையில் பாதிதான் கொடுக்கப்பட்டிருக்கிறது. ஓர் ஆக்சைடு மூலக்கூறில் அவை இரண்டிரண்டாக இருப்பதே காரணம். மாணவர்கள் அதிகம் வழுக்கும் இடம் இது. அலுமினியத்துக்கு 101.96 போட்டால் தொடக்கக் குழம்பிலேயே அலுமினா 12.5க்குப் பதிலாக 22 என்று வந்து நிற்கும். அப்படி ஒரு பசால்ட்டை எளிதில் தேடிப் பிடிக்க முடியாது. அந்த எண்ணைப் பார்த்ததும் "எங்கோ தவறு" என்று மாணவருக்குத் தோன்றினாலே பாதிப் பாடம் முடிந்த மாதிரி.

கணக்கு சரியாக வந்தால் மக்னீசியா 11.0இலிருந்து 6.9க்கு இறங்கியிருக்கும். சிலிக்கா 50.1இலிருந்து 51.3 மட்டுமே. இரும்பு 11.2இலிருந்து 10.7. (மணிகளை முழு எண்ணாக்கியதால் தொடக்கச் சிலிக்கா 50.0 என்பது 50.1 ஆகவும், இரும்பு 11.3 என்பது 11.2 ஆகவும் வரும்.) நூற்றுக்குப் பன்னிரண்டு மணிகள்தான் வெளியேறின. ஆனால் மெக்னீசியத்தில் 44 சதவீதம் போய்விட்டது. "ஆலிவின் பிரிந்தால் குழம்பில் சிலிக்கா மளமளவென்று ஏறும்" என்று எழுதிப் பழகியவர்கள் இந்த 51.3ஐப் பார்த்து மறுபடி எண்ணுவார்கள். எண்ணட்டும், தடுக்க வேண்டாம். ஆலிவினிலேயே ஏறக்குறைய 40 சதவீதம் சிலிக்கா இருக்கிறது. 50 சதவீதக் குழம்பிலிருந்து 40 சதவீதப் பொருளைக் கொஞ்சம் எடுத்தால் மிச்சம் அவ்வளவாக ஏறாது.

இன்னொரு பொறியும் இதே இடத்தில் உண்டு. சுண்ணாம்பு 10.4இலிருந்து 11.7க்கு ஏறியிருக்கும். "குழம்புக்குள் கால்சியம் சேர்ந்திருக்கிறது" என்று சிலர் எழுதுவார்கள். தட்டைக் காட்டி மஞ்சள் மணிகளை எண்ணச் சொன்னால் போதும். அன்றும் 103, இன்றும் 103. மற்றவை குறைந்ததால் சதவீதம் ஏறியது. நூற்றுக்கு நூறாகக் கூட்டிவைத்த எந்த அட்டவணையிலும் இந்த மயக்கம் இருக்கும். பாறைப் பகுப்பாய்வுகளைப் படிக்கும் காலமெல்லாம் அவர்களுக்கு இது நினைவில் இருக்க வேண்டும்.

மக்னீசியா 7 சதவீதத்தை நெருங்கும்போது கிலாவெயாக் குழம்பில் பைராக்சீன் வகைக் கனிமமான ஆகைட்டும், கால்சியமும் சோடியமும் அலுமினியமும் கொண்ட பிளாஜியோகிளேஸும் சேர்ந்துகொள்கின்றன. எனவே மூன்றாம் படியில் இரண்டிலும் தலா 100 மணிகள். அனார்தைட் (கால்சியம் வகைப் பங்கு) 70 சதவீதம் உள்ள பிளாஜியோகிளேஸ் 20 அலகு: கால்சியம் 14, சோடியம் 6, அலுமினியம் 34, சிலிக்கான் 46. ஆகைட் 25 அலகு: கால்சியம் 20, மெக்னீசியம் 24, இரும்பு 6, சிலிக்கான் 50. நான்காம் படியிலும் அதே அளவு. ஆனால் பிளாஜியோகிளேஸில் அனார்தைட் 65க்கு இறங்குகிறது: கால்சியம் 13, சோடியம் 7, அலுமினியம் 33, சிலிக்கான் 47. பைராக்சீனில் கால்சியம் 16, மெக்னீசியம் 26, இரும்பு 8, சிலிக்கான் 50.

இப்போது தட்டில் 480 மணிகள். பாதிக்கு மேல் போய்விட்டது. எடைக்கு மாற்றிப் பார்த்தால் சிலிக்கா 50.1. தொடங்கிய இடத்திலேயே நிற்கிறது! நடுவில் 51.3க்குப் போய், 51.0க்கு வந்து, திரும்பி 50.1. இதற்கிடையே இரும்பு 15.6 சதவீதத்துக்கும் டைட்டானியம் 4.3க்கும் ஏறியிருக்கும். பிளாஜியோகிளேஸில் இரும்பு இல்லை. பைராக்சீன் எடுப்பதும் கொஞ்சம்தான். எனவே இரும்பு குழம்பிலேயே தேங்குகிறது. 1929இல் கிளாரன்ஸ் ஃபென்னர் போவனோடு வாதிட்டது இதைப் பற்றித்தான். பசால்ட் படிகமாகும்போது சிலிக்கா அல்ல, இரும்புதான் மிகும் என்றார் அவர். போவன் சிலிக்கா மிகும் என்றார். எந்தக் கட்டத்தில் நிற்கிறோம், ஆக்சிஜன் எவ்வளவு கிடைக்கிறது என்பதைப் பொறுத்து இரண்டும் நடக்கும் என்பதை மாணவர்கள் அடுத்த படியில் தங்கள் தட்டிலேயே காண்பார்கள்.

ஐந்தாம் படி: இல்மனைட் 8 அலகு, அதாவது இரும்பு 8, டைட்டானியம் 8. மேக்னடைட் 6 அலகு, அதாவது இரும்பு 18. பிளாஜியோகிளேஸ் 15 அலகு: கால்சியம் 8, சோடியம் 7, அலுமினியம் 23, சிலிக்கான் 37. பைராக்சீன் 15 அலகு: கால்சியம் 8, மெக்னீசியம் 14, இரும்பு 8, சிலிக்கான் 30. மொத்தம் 169 மணிகள் போக மிச்சம் 311. இரும்பு 15.6இலிருந்து ஒரே தாவலில் 10.6க்கு விழும். சிலிக்கா 55.6க்கு ஏறும். சிலிக்காவே இல்லாத இரண்டு கனிமங்கள் உள்ளே வந்ததும் நான்கு படிகளில் நடக்காதது ஒரே படியில் நடந்துவிடுகிறது. ஆக்சிஜன் அதிகமுள்ள குழம்பில் மேக்னடைட் முன்கூட்டியே பிரியத் தொடங்கும். அங்கே இரும்பு தேங்குவதற்கே வாய்ப்பில்லை. எரிமலைத் தீவுவளைவுகளின் (வில்போல வரிசையாக நிற்கும் எரிமலைத் தீவுகளின்) பாறைகள் ஹவாயிலிருந்து வேறுபடுவதற்கு ஒரு முக்கியக் காரணம் இது. நேரம் இருந்தால் ஒரு குழுவை மட்டும் மூன்றாம் படியிலேயே மேக்னடைட்டை எடுக்கச் சொல்லி ஒப்பிடலாம்.

வரைபடத்துக்கு வருவோம். வழக்கப்படி கிடை அச்சில் சிலிக்காவைப் போட்டு மற்ற ஆக்சைடுகளை வரையச் சொல்கிறார்கள். இந்தக் குழம்புக்கு அப்படி வரைந்தால் முதல் ஐந்து புள்ளிகளும் 50க்கும் 51.3க்கும் இடையே முன்னும் பின்னும் போய், ஒன்றின்மேல் ஒன்று ஏறி, நூல் சிக்கலாகக் கிடக்கும். கிடை அச்சில் மக்னீசியாவைப் போட்டால் சிக்கல் அவிழ்ந்துவிடும்: 11.0, 9.0, 6.9, 6.4, 5.1, 4.8. எப்போதும் ஒரே திசை. சுண்ணாம்புக் கோடு ஏறிக்கொண்டே வந்து 6.9இல் முறிந்து இறங்கும். இரும்புக் கோடு 5.1இல் முறியும். ஒவ்வொரு முறிவும் ஒரு புதிய கனிமத்தின் வருகை. அந்த முறிவை விரலால் தொட்டுக் காட்டத் தெரிந்த மாணவரிடம் தக்காணப் பாறைகளின் பகுப்பாய்வு அட்டவணையையும் தயங்காமல் கொடுக்கலாம்.

வெப்பநிலையையும் சேர்த்துக்கொள்ளலாம். கிலாவெயாக் குழம்புக்கென்றே ரோசலின்ட் ஹெல்ஸும் கார்ல் தார்ன்பரும் 1987இல் தந்த எளிய சூத்திரம் உண்டு: மக்னீசியாச் சதவீதத்தை 20.1ஆல் பெருக்கி 1014ஐக் கூட்டினால் செல்சியஸ் டிகிரி. தொடக்கத்தில் 1235, இரண்டாம் படிக்குப்பின் 1153, நான்காம் படிக்குப்பின் 1117. ஐந்தாம் படிக்கு இதைப் போட வேண்டாம். அந்தப் படியின் அளவுகளை நாங்கள் கையால் வைத்தோம். மக்னீசியாவும் அங்கே மிக மெதுவாகவே இறங்குகிறது. வெப்பநிலை உண்மையைவிட அதிகமாக வரும். இதை மறைக்காமல் சொல்ல வேண்டும். எந்தக் கனிமம் எப்போது வரும், எவ்வளவு வரும் என்பதை மணிகள் கண்டுபிடிப்பதில்லை. உலைச் சோதனைகளிலிருந்தும் இயற்கையிலிருந்தும் அதை வாங்கித்தான் தட்டில் வைக்கிறோம். வைத்தபின் குழம்புக்கு என்ன ஆகும் என்பதை மட்டுமே மணிகள் சொல்லும்.

பொட்டாசியத்தின் ஆறு மணிகளும் கடைசிவரை தட்டிலேயே கிடக்கும். இதுவே பயிற்சியின் மிகப் பயனுள்ள பகுதி என்று நாங்கள் கருதுகிறோம். தொடக்கத்தில் பொட்டாஷ் 0.51 சதவீதம், முடிவில் 1.61. முன்னதைப் பின்னதால் வகுத்தால் 0.317. குழம்பில் எடைப்படி மிச்சம் 31.7 சதவீதம் என்று பொருள். மணிக்கணக்கில் மிச்சம் 31.1. குடுவையைத் திறக்காமலே எவ்வளவு படிகமானது என்று சொல்லிவிட முடிகிறது! எந்தக் கனிமத்திலும் சேராத ஒரு தனிமம் கிடைத்தால் அதுவே அளவுகோல். இங்கே நடக்கும் பிழை, ஒவ்வொரு படியிலும் மிச்ச எண்ணிக்கையால் வகுக்காமல் 1000ஆலேயே வகுப்பது. அப்படிச் செய்தவர்களுக்குப் பொட்டாசியம் 0.6ஐ விட்டு நகரவே நகராது. இதற்கு நேர் எதிர்க்கோடியில் நிக்கல் இருக்கிறது. ஆலிவின் குழம்பைவிடப் பத்து மடங்கு நிக்கலை இழுக்கும் என்று வைத்துக் கணக்கிட்டால், முதல் இரண்டு படிகளிலேயே நிக்கல் மூன்றில் ஒரு பங்காகிவிடும். முதுநிலை மாணவர்களுக்கு இதைத் தனிக் கணக்காகக் கொடுக்கலாம்.

அந்த 55.6 சதவீதச் சிலிக்காவைப் பற்றியும் ஒரு வார்த்தை. மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் உறைந்தபின்னும் குழம்பு கிரானைட்டின் பக்கத்தில்கூட வரவில்லை. இதே வழியில் கிரானைட் போன்ற குழம்பு கிடைக்க வேண்டுமானால் ஏராளமான பசால்ட்டிலிருந்து சொற்பம்தான் மிஞ்சும். கண்டங்களில் உள்ள கிரானைட் முழுவதையும் இந்த ஒரு வழியால் விளக்கிவிட முடியாது என்பதை மாணவரே எண்களிலிருந்து சொல்லிவிடுவார்.

இரண்டாம் வகுப்பில் வேறொரு குழுவுக்குப் படிகங்களைக் குடுவையில் போடாமல் தட்டின் ஓரத்திலேயே வைக்கச் சொல்லலாம். ஒவ்வொரு படியிலும் பழைய ஆலிவினும் குழம்போடு மறுபடி சமன் ஆக வேண்டும். 40 ஆலிவின்கள் பிரிந்த நிலையில் எல்லா ஆலிவினும் ஒரே கலவையில், 64 நீலம், 16 சிவப்பு என்று நிற்கும். குழம்பில் மெக்னீசியம் 88. படிகங்களைப் பிரித்த குழுவில் அது 85. வித்தியாசம் இந்தக் கட்டத்தில் சிறியதுதான். போகப் போக விரியும். கடைசியில் இந்தக் குழுவின் தட்டில் எல்லாம் உறைந்ததும் கிடைக்கும் பாறை, தொடங்கிய பசால்ட்டேதான். மாற்றம் வேண்டுமானால் படிகமும் குழம்பும் பிரிய வேண்டும். குளிர்வது மட்டும் போதாது. படத்தை மனப்பாடம் செய்தவர்களுக்கு இது பிடிபடுவதே இல்லை.

எப்படிப் பிரிகின்றன என்பதில் ஆசிரியரும் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். குடுவையில் மணிகள் விழுவதைப் பார்த்து எல்லாப் படிகமும் அடியில் மூழ்குகிறது என்று மாணவர் எடுத்துக்கொள்வார். 1 மில்லிமீட்டர் குறுக்களவுள்ள ஆலிவின் மூழ்கும், உண்மைதான். அடர்த்தி வேறுபாடு கன மீட்டருக்கு 600 கிலோ, குழம்பின் பிசுக்குமை 50 பாஸ்கல் விநாடி என்று, திரவத்தில் துகள் மூழ்கும் வேகத்தைத் தரும் ஸ்டோக்ஸ் விதியில் போட்டால் ஒரு நாளில் அரை மீட்டருக்குச் சற்று மேல் இறங்கும். ஆனால் பிளாஜியோகிளேஸின் அடர்த்தி குழம்பின் அடர்த்திக்கு மிக அருகில் இருக்கிறது. இரும்பு மிகுந்த குழம்பில் அது மிதக்கவும் கூடும். குழம்பு தேங்கியிருக்கும் இடத்தின் சுவர்களிலும் தரையிலும் படிகங்கள் அங்கேயே வளர்வதும், படிகச் சகதிக்கு இடையிலிருந்து குழம்பு பிழிந்து மேலே கசிவதும் அதே வேலையைச் செய்யும்.

இதற்கு நல்ல சான்று கிலாவெயா இக்கி என்ற பள்ளத்தில் கிடைத்தது. 1959 நவம்பர், டிசம்பரில் நடந்த வெடிப்பில் அங்கே 100 மீட்டருக்கு மேல் ஆழமான கற்குழம்பு ஏரி தேங்கியது. அமெரிக்க நிலவியல் அளவைத் துறை 1960 முதல் 1980களின் இறுதிவரை அதன் மேலோட்டைத் துளையிட்டு மாதிரிகளை எடுத்துக்கொண்டே இருந்தது. இருபது ஆண்டுகள் கழிந்தும் உள்ளே உருகிய குழம்பு இருந்தது. மேலோட்டுக்குள் கிடைத்த, இரும்பும் டைட்டானியமும் மிகுந்த பெரும்படிகக் கீற்றுகள் சகதியிலிருந்து கசிந்து மேலே வந்த குழம்புதான். நம் நான்காம் படித் தட்டு அந்தத் திசையில்தான் நிற்கிறது.

குடுவையை இப்போது படிக்கலாம். அடியில் நீலமும் வெள்ளையும் கொஞ்சம் சிவப்பும் மட்டும், மேலே மஞ்சளும் சாம்பலும் சேர்ந்து, அதற்கும் மேலே கறுப்பும் நிறையச் சிவப்பும். கிழக்குக் கிரீன்லாந்தில், நிலத்தடியில் குழம்பு புகுந்து உறைந்த பாறைத்திரளான ஸ்கேர்கார்ட் ஊடுருவலிலும் இப்படித்தான் அடுக்குகளை அடியிலிருந்து படித்தார்கள். அங்கே கீழ் அடுக்குகளில் மெக்னீசியம் மிகுந்திருக்கும் ஆலிவின், உச்சியை நெருங்கும்போது ஏறக்குறைய முழு இரும்பு ஆலிவினாகிவிடுகிறது. குடுவையின் எந்த அடுக்கும் ஒரு குழம்பின் கலவை அல்ல என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். கிலாவெயா இக்கியில் மக்னீசியா மிக அதிகமாகக் காட்டும் மாதிரிகள் ஆலிவின் சேர்ந்து குவிந்தவை. அந்த எண்ணை அப்படியே வெப்பநிலைச் சூத்திரத்தில் போட்டால் இல்லாத வெப்பம் வரும். சூத்திரம் கண்ணாடியாக உறைந்த குழம்புக்கு மட்டும்.

தமிழ்நாட்டு மாணவர்களுக்கு இதைத் தரையில் காட்ட நாமக்கல் மாவட்டத்துச் சித்தம்பூண்டி இருக்கிறது. கால்சியம் மிகுந்த பிளாஜியோகிளேஸ் குவிந்து உண்டான அனார்தோசைட்டும், இடையிடையே குரோமைட் அடுக்குகளும் அங்கே உண்டு. நிலவின் மேட்டுநிலங்களும் அனார்தோசைட்தான். அங்கே பிளாஜியோகிளேஸ் குழம்பின் மேல் மிதந்து சேர்ந்தது என்பது இன்று பெரிதும் ஏற்கப்பட்ட விளக்கம். சந்திரயான் சோதனைகளுக்கு நிலவு மண்ணைப்போல ஒன்றைச் செய்ய இஸ்ரோ இந்தப் பகுதிப் பாறையை எடுத்ததும் அதனால்தான். ஆனால் மணிப் பயிற்சிக்கு முன் மாணவர்களை அங்கே அழைத்துப் போக வேண்டாம். அந்தப் பாறைகள் பிற்பாடு கடும் உருமாற்றத்துக்கு உள்ளானவை. முதல் கனிமங்கள் பல மாறிவிட்டன. என்ன தேடுகிறோம் என்று தெரிந்து போனால்தான் அடுக்கு கண்ணில் படும். குழம்பு படிகமாவதைக் கணக்கிடும் 'மெல்ட்ஸ்' போன்ற கணினி நிரல்களுக்கும் இதே வரிசைதான். மணிகளுக்குப் பின் தந்தால் அது வரையும் கோட்டின் ஒவ்வொரு முறிவுக்கும் காரணம் கேட்பார்கள். முன்பே தந்தால் கோட்டை அச்செடுத்துப் பதிவேட்டில் ஒட்டிவிடுவார்கள்.

பாடத்திட்டக் குழுவில் இருப்பவர்களிடம் எங்கள் கோரிக்கை இரண்டு. இந்தப் பயிற்சிக்குச் செய்முறையில் ஆறு மணி நேரம் ஒதுக்குங்கள். எழுத்துத் தேர்வில் வினைத் தொடர்ப் படத்தைக் கேட்கும் அந்தப் பத்து மதிப்பெண்ணை ஒரு கணக்குக்குக் கொடுங்கள். ஒரே எரிமலையின் இரண்டு பகுப்பாய்வுகளைத் தரலாம். முதலில் மக்னீசியா 11.0, இரும்பு 11.2, சிலிக்கா 50.1, பொட்டாஷ் 0.51. பின்னதில் மக்னீசியா 5.1, இரும்பு 15.6, சிலிக்கா 50.1, பொட்டாஷ் 1.03. எவ்வளவு குழம்பு மிச்சம், எந்தக் கனிமங்கள் பிரிந்தன, எது இன்னும் பிரியத் தொடங்கவில்லை என்று கேட்கலாம். ஏறக்குறைய பாதி என்று வகுத்துச் சொன்னவருக்கு நான்கு மதிப்பெண். மக்னீசியா விழுந்ததை வைத்து ஆலிவினையும் பைராக்சீனையும், சிலிக்கா ஏறாமல் இரும்பு ஏறியதை வைத்துப் பிளாஜியோகிளேஸையும் சொன்னவருக்கு மேலும் நான்கு. மேக்னடைட் இன்னும் வரவில்லை என்று காரணத்தோடு எழுதியவருக்கு மீதி இரண்டு.

இப்படிக்கு,
நிலவியல் ஆசிரியர்கள் சிலர்,
சேலம்.